காற்றுப் புகாத அலமாரி

1

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கடையில் பில் போடத்தான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்றைக்கும் தெரியாது. தட்டச்சு செய்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் காகிதம் நமத்துப்போய் மை பரவியிருக்கிறதே, அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனைக்கரையில் கர்க்கடக மாதத்து அடைமழையில் எழுதினால் யார் எழுதினாலும் இப்படித்தான் இருக்கும்.

என் அக்கா மகன் ரியாஸ் போன் செய்தான். குடும்ப சங்கமத்துக்கு மலர் ஒன்று போடுகிறார்களாம். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் அனுபவக் குறிப்பு எழுத வேண்டுமாம்.

“நான் எங்கடா போனேன்? இங்கிருக்கிற இடுக்கிதானே.”

“அதுவும் வெளிதானே மாமா. துபாய்லருந்து நாலு பேரு எழுதுறாங்க, மஸ்கட்லருந்து ரெண்டு பேரு. பக்கம் கொஞ்சம் குறையுது.”

அந்த நாலு பேரும் இரண்டு பேரும் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். பாலக்காட்டு மண்ணின் வாசம் என்று தொடங்குவார்கள். காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வெளியே துப்புகிற இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, மண் வாசத்துக்கு ஏங்குவார்கள். அவர்கள் அலமாரியில் தொங்கவிட்ட சட்டை அடுத்த வருடமும் சட்டையாகவே இருக்கிறது. அப்படி இருக்கிற இடத்தை நான் வெளிநாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் பஸ்ஸில் ஒரே பகலில் வந்து சேர்ந்தவன். அதே மாநிலம், அதே ரேஷன் அரிசி. இருந்தாலும் உங்கள் எல்லோரையும் விடத் தூரமாகப் போனவன் நான்தான் என்று சொல்வேன்.

2

நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டுப் பக்கமிருந்து அது அடித்தால், கொடியில் போட்ட கைலி நாம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அப்பளமாகிவிடும். அங்கே துணிக்கு எதிரி தூசி ஒன்றுதான். அதனால் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை மூடுவது. விலை அதிகமென்றால் இன்னும் இறுக்கி மூடுவது. கல்யாணப் புடவையைப் பழைய வேட்டியில் சுற்றி, கவரில் போட்டு, தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் பேத்தி கல்யாணத்தில் அதை எடுத்துக் கட்டலாம். அதை நாம் நம்முடைய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அந்தக் காற்றின் தயவு.

அந்தச் சாமர்த்தியத்தைத்தான் நான் மலைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். ஜங்ஷனில் துணிக்கடை போட்டேன். சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, கதவிடுக்கில் பேப்பர்கூட ஒட்டினேன். இடவப்பாதி மழை தொடங்கியது. இந்த ஊரில் மழை என்பது மேலிருந்து விழுவது மட்டுமல்ல. மஞ்சு என்கிற மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்து, கூப்பிடாத விருந்தாளி மாதிரி எல்லா அறையிலும் உட்கார்ந்துவிட்டு, பின்பக்கமாகப் போகும். ஓணத்துக்கு முன்னால் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் புதுச் சட்டை கேட்டு வந்தார். கவரைப் பிரித்தேன். காலரில் பூனைக்குட்டிக்கு இருப்பது போலப் பச்சையும் சாம்பலுமாக ரோமம் முளைத்திருந்தது.

“பாய், இது சட்டையா, முளைகட்டுன பயறா?” என்றார் அவர்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் நான் தமிழ் பேசினால் கம்பத்திலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள், மலையாளம் பேசினால் மலையாளிகள் சிரிப்பார்கள், இரண்டையும் கேட்டு என் மகள் ஷாஹினா சிரிப்பாள். அதனால் கடையில் நான் பெரும்பாலும் தலையை ஆட்டித்தான் வியாபாரம் செய்கிறேன்.

பிறகு கடையில் எல்லாவற்றையும் மாற்றினேன். கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிப் போட்டேன். அடுக்குகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன். பலகைக்குப் பதில் சட்டங்கள் அடித்தேன், அடியிலிருந்தும் காற்று வரட்டும் என்று. கஞ்சி போட்ட துணியை வாங்குவதை நிறுத்தினேன், ஏனென்றால் பூஞ்சணம் முதலில் தின்பது கஞ்சியைத்தான். பகல் முழுவதும் மின்விசிறி ஓடும். இதெல்லாம் இந்த ஊரில் கடை வைத்திருக்கிற எவரும் செய்வதுதான்.

ஊரிலிருந்து வருகிற நம் உறவினர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் பாச்சை உருண்டை கொண்டுவருகிறார்கள். பையைத் திறக்கும்போதே அந்த வாடை. “இத நாலு மூலையிலயும் போட்டு நல்லா மூடி வெய்யி, ஒண்ணும் அண்டாது” என்பார்கள். அது பூச்சியை விரட்டும். பூஞ்சணத்துக்கு மூக்கு கிடையாது. இதை நான் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டு, என் மனைவி ஜமீலா வீட்டைச் சரியாகத் துடைப்பதில்லை என்று ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். சொன்னவர்கள் இந்த மலரைப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

3

கடையில் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டவன் வீட்டில் என்ன செய்தேன்? அதையும் சொல்ல வேண்டும்.

ஷாஹினாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். அவள் கோட்டயத்தில் படித்தாள், இப்போது எர்ணாகுளத்தில் வேலை. சின்னப் பிள்ளையில் என்னை அத்தா என்பாள். பள்ளிக்கூடம் போன பிறகு வாப்பச்சி ஆனேன். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இதையும் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது தகரப் பெட்டியும் சட்ட அடுக்குமாக வீடு கிடந்தால் நாணக்கேடு என்றாள். சுவர் முழுக்க அடைக்கிற மாதிரி அலமாரி வேண்டும் என்றாள். அவள் சொன்ன அலமாரிக் கம்பெனிக்கு கஞ்சிக்கோட்டில்தான் ஃபேக்டரி. நம் ஊர்க்காரன் செய்தது என்றதும் எனக்கும் ஒரு மயக்கம்.

அளவெடுக்க வந்த விற்பனைக்காரர் நம் ஊருக்குக் கிழக்குப் பக்கத்துப் பையன். டை கட்டியிருந்தார். ஆனைக்கரை மழையில் டை.

“ஏனுங் பாய், எங்க ஐட்டத்துல இதுதானுங் டாப்பு. கதவச் சாத்திட்டா காத்துகூட உள்ள போகாதுங்க. ஒரு எறும்பு போகட்டும், நான் மீசய எடுத்துக்கறனுங்.”

காற்றுகூடப் போகாது. அதைப் பெருமையாகச் சொன்னார். நான் கடையில் வருடக்கணக்காகக் காற்றை உள்ளே அழைத்துக்கொண்டிருப்பவன். அந்த இடத்தில் வாயைத் திறந்து, “அப்படியானால் வேண்டாம்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிரே டை கட்டிய ஆள் உட்கார்ந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையை ஆட்டினேன். அவர் அதை ஆர்டர் என்று எழுதிக்கொண்டார்.

மேற்குச் சுவர். இந்த வீட்டில் மழை அறைவது அந்தச் சுவரில்தான். அதோடு ஒட்டி, ஒரு விரல் போக இடமில்லாமல், பால்நிறத்தில் பளபளவென்று அலமாரி எழுந்து நின்றது. கதவைத் தள்ளினால் சத்தமே இல்லாமல் தானாகப் போய் மூடிக்கொள்ளும். ஜமீலா நாளுக்கு நாலு தடவை சும்மா திறந்து மூடிப் பார்த்தாள். வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அரிசிப் பத்திரியும் இறைச்சியும் தின்றுவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணமும் நடந்தது.

முதல் மழைக்காலத்தில் அடிப்பலகை தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதியது. உள்ளே தொங்கிய என் பெல்ட் வெள்ளைப் பாம்பாகியிருந்தது. ஹேங்கர்க் கம்பி துருப்பிடித்து, ஜமீலாவின் நிக்காஹ் புடவையின் தோளில் கோடு போட்டது. ஷாஹினா ஆன்லைனில் ஈரம் உறிஞ்சுகிற டப்பாக்கள் அனுப்பினாள். அவை ஒரு வாரத்தில் வாய் வரை தண்ணீர் பிடித்துவிட்டு ஓய்ந்துபோயின. மிச்சம் வெளியே வானத்தில் இருந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தது. பலகையில் குறை இல்லை சாரே, அது உங்கள் ஸ்தலத்தின் காலாவஸ்தை, மழை ஈரம், ஆனாலும் புகார் பதிந்திருக்கிறோம், பரிசோதிக்க ஆள் வருவார் என்றது. ஆள் வந்தார். மிதுன மாத மழையில் கொடுத்த புகாருக்கு எட்டு மாதம் கழித்து கும்ப மாதம் வந்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சின்னக் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார், ஈரம் இல்லை என்று எழுதினார், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஈரம் இல்லைதான். அன்றைக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை.

4

இனி அம்மாவின் பொட்டலம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். நம் பெரியவர்கள் ஹஜ்ஜுக்குப் போகும்போது கோடித் துணி வாங்கிக்கொண்டு போவார்கள். அங்கே ஸம்ஸம் என்கிற புனித ஊற்றின் நீரில் அதை நனைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அது அவர்களுடைய கஃபன், அடக்கம் செய்யும்போது சுற்றுகிற துணி. எப்போது மவுத்தானாலும் அந்தத் துணியில்தான் பொதிய வேண்டும் என்பது ஆசை. அம்மாவும் அத்தாவும் அப்படிக் கொண்டுவந்தார்கள். அத்தா அவருடையதில் போனார். அம்மாவுடையது, பெண்களுக்கான ஐந்து துண்டுகளும் மடித்தபடி, பாலக்காட்டு வீட்டுத் தகரப் பெட்டியில் வருடக்கணக்காக இருந்தது. அத்தா போன பிறகு அம்மா என்னோடு வந்தபோது அந்தப் பெட்டியும் பஸ்ஸேறி வந்தது.

அந்தப் பொட்டலத்துக்கு ஒரு முறை உண்டு. யாரும் பிரிக்கக் கூடாது. உயிரோடு இருக்கிற ஆளின் கஃபனைப் பிரித்துப் பார்ப்பது, போ என்று சொல்கிற மாதிரி. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்பார்.

“காதரு, அது இருக்குதா?”

“இருக்கும்மா.”

அவ்வளவுதான். துணிக்கடை வைத்திருக்கிறவன் நான். துணியைப் பிரித்து உதறிக் காற்றுக் காட்டாவிட்டால் இந்த ஊரில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பெற்ற தாயின் கஃபனை உதற எந்த மகனுக்குக் கை வரும்?

தகரப் பெட்டி துருப்பிடிக்கத் தொடங்கியதும் ஜமீலா அந்தப் பொட்டலத்தைப் புது அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினாள். வீட்டிலேயே உயர்ந்த இடம் அது என்று. வெறுமனே வைக்கவில்லை. மரியாதைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் ஜிப் வைத்த புடவைக் கவர். நம் ஊர் வித்தை. வேண்டாத துணியாக இருந்திருந்தால் கொடியில் கிடந்து பிழைத்திருக்கும்.

இந்த வருடம் மிதுனம் கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமல் நெஞ்சில் கட்டிக்கொண்டது. குமளியில் டாக்டர் மருந்து கொடுத்தார், வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏதோ நாங்கள் இதுவரை பார்க்காமல் இருந்த மாதிரி. மூன்றாவது நாள் அம்மா கேட்டது வேறு மாதிரி இருந்தது.

“காதரு, அத எடுத்துட்டு வந்து இங்க என் தலமாட்டுல வெய்யி. நான் ஒரு தடவ பாத்துக்கறேன்.”

“நாளைக்குத் தர்றேம்மா. மேல இருக்கு, ஏணி வேணும்.”

ஏணியெல்லாம் வேண்டாம். நாற்காலி போட்டால் எட்டும். அம்மா கண்ணை மூடிய பிறகு ஏறி அலமாரியைத் திறந்தேன். திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஜிப்பைத் திறந்தேன், முதல் கவர், இரண்டாம் கவர். உள்கவரில் நீர் முத்து முத்தாக நின்றது. துணியில் பொட்டுப் பொட்டாகக் கருநீலம். மடிப்போரங்களில் மஞ்சள். கோடித் துணியின் கஞ்சி வாசம் போய், பழைய கிணற்றின் வாசம்.

ஜமீலா என் பின்னால் நின்றிருந்தாள். வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இங்க பாருங்க. நம்ம கடையிலயே இருக்குல்ல வெள்ளைத் துணி? அஞ்சு துண்டு வெட்டி இதே மாதிரி மடிச்சு வெச்சிரலாம். மாமிக்குக் கண்ணு எங்க தெரியுது.”

“ஸம்ஸம்?”

“மஸ்கட்டு மாமா கொண்டாந்த பாட்டில் அரைவாசி கெடக்கு. தெளிச்சிக்கலாம்.”

ஷாஹினாவிடம் போனில் சொன்னாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு படம் வந்தது. ஸம்ஸமில் நனைத்த கஃபன், அத்தரோடு, ஜிப் பையில், வீட்டு வாசலுக்கே வரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்புகிறவர் யார் என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய்க் கேட்டேன். சின்ன வயதுக்காரர், மலையாளி. சுத்தமான துணியாக இருந்தால் போதும் காதரிக்கா, துணி யாரையும் எங்கேயும் கொண்டு சேர்ப்பதில்லை என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பிள்ளை மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா கேட்டது ஏதோ ஒரு சுத்தமான துணியை அல்ல. கூட்டத்தில் இடிபட்டு, தன் கையால் முக்கி எடுத்த துணியை. கடைத் துணியைக் கொண்டுபோய் இதுதான் என்று கொடுத்தால் அம்மாவுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும். குளிப்பாட்டிப் பொதியும்போது தெரியும், மண் போடும்போதும் தெரியும்.

5

காலையில் துவைத்தேன். கடையைத் திறக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, வெறும் சோப்பில், கையால் கசக்கினேன். மஞ்சள் போனது. நீலப் பொட்டுகள் வெளுத்துச் சாம்பலாகி, அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுகொண்டன. காரமான மருந்து போட மனம் வரவில்லை. பிழிந்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று ஜமீலா கேட்டாள். தென்னை மரத்தடியில் யார் காலும் படாத இடமாகப் பார்த்து ஊற்றினேன்.

துவைப்பது சுலபம். காயவைப்பது எங்கே? வெளியே பத்து நாளாக விடாத மழை. இந்த ஊரில் கர்க்கடகத்தில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஏலக்காய் ஸ்டோர். பறித்த பச்சைக் காயை அடுப்பு மூட்டிக் காயவைக்கிற கட்டடம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் முதலாளிக்குத் தெரியாமல் அங்கே துணி கொண்டுபோய்ப் போடுவதுண்டு. நான் ஐந்து துண்டுகளையும் வாளியில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, குடைக்குள் நடந்து போனேன். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற செல்வம் கம்பத்துக்காரர்.

“வாங்க பாய். என்னது, பேரப்பிள்ள வந்துருக்கா? சொல்லவே இல்ல?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல். அவர் வாளியிலிருந்து பெரிய துண்டை உருவி விரித்தார். விரித்துக்கொண்டே இருந்தார்.

“ஏ யப்பா! எம்புட்டு நீளம்! பாய், இது வேட்டியா, பந்தலுக்குக் கட்டுறதா?”

“அம்மாவோடது” என்றேன்.

செல்வம் என் முகத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கையைத் தன் கைலியில் துடைத்துவிட்டு, அதை மெல்ல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சோப்பு வாசம் காயில ஏறுச்சுன்னா கம்பம்மெட்டு யாவாரி மோந்து பாத்துட்டு என்னைய வெட்டிருவாரு” என்றார். சொல்லிக்கொண்டே, காய் பரப்பாத கடைசி வரிசைக்குப் போய்த் தட்டுகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஐந்தையும் அகலமாக விரித்துப் போட்டார்.

சாயங்காலம் போய் எடுத்தபோது மொறமொறப்பாகக் காய்ந்து, கையில் சூடாக இருந்தது. சாம்பல் பொட்டுகள் அப்படியே. அதோடு ஏலக்காய் வாசம்.

6

அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் புதுப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்தேன். வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

“நில்லு.”

பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இதென்னடா வாசம்? என்னயப் பொதியப் போறீங்களா, பாயாசம் வெக்கப் போறீங்களா?”

ஜமீலா அடுக்களை வாசலில் அசையாமல் நின்றாள். அம்மாவின் விரல் துணி மேல் போனது. கண் தெரியாது என்று ஜமீலா சொன்னாளே, ஒவ்வொரு பொட்டின் மேலும் விரல் நின்று நின்று போனது.

“பூஞ்சணம்.”

“ஆமாம்மா.”

“எங்க வெச்சிருந்தீங்க?”

“அலமாரியில. நல்லா மூடித்தான் வெச்சிருந்தோம்.”

“மூடித்தான்” என்று அம்மா அதே மாதிரி சொல்லிக் காட்டினார். பெரிதாக இருமினார். நான் முதுகைத் தடவினேன், கையைத் தட்டிவிட்டார். “மண்ணுக்குள்ள போய்ப் பூக்க வேண்டியது. அவசரம் பாரு அதுக்கு.”

பிறகு நாங்கள் எதிர்பார்க்காத வேலை செய்தார். ஐந்தில் பெரிய துண்டை உதறி, காலிலிருந்து கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“மாமி!” என்று கத்தினாள் ஜமீலா. “என்ன பண்றீங்க! எடுங்க மாமி, எடுங்க!”

“எதுக்கு? மறுபடி அந்தப் பெட்டிக்குள்ள வெக்கவா? என் ஒடம்புல கெடந்தா காத்துப் படும். சூடா வேற இருக்கு. போ, கஞ்சி கொண்டா.”

அன்றிலிருந்து அம்மா அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். ஜமீலா இரண்டு நாள் அந்த அறைக்குள் வரவே இல்லை. கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்து, போர்வை நழுவிக் கிடந்ததைத் தானே எடுத்துக் காலில் போர்த்திவிட்டாள். காய்ச்சல் இறங்கியது. இருமல் இருக்கிறது. மருந்தா துணியா என்று என்னைக் கேட்காதீர்கள். குமளி டாக்டர் மருந்து என்கிறார், அவர் வேறு என்ன சொல்வார்.

செய்தி ஊருக்கு எட்டி மைமூன் அக்கா ஓடி வந்தாள். ரியாஸின் அம்மா, என் கூடப் பிறந்தவள். நனைந்த குடையோடு நேராக அறைக்குள் போனவள், கட்டிலில் வெள்ளையாக நீட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் மவுத்துச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

“இன்னும் இல்லடி. ஈரக் காலோட உள்ள வராத.”

எல்லாம் அடங்கிய பிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். துணிக்கடைக்காரன் ஊட்டுலயே துணிக்கு இந்தக் கதியா என்றாள். அம்மாவிடம் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“நான் எடுத்துட்டுப் போறேம்மா. நம்மூர்ல வெச்சா நூறு வருசத்துக்கு ஒரு புள்ளி விழாது. வேண்டியப்ப நான் கொண்டுட்டு வந்துருவேன்.”

“துணி அங்கயும் நான் இங்கயுமா?”

“அப்ப நீயும் வா. அத்தா பக்கத்துலயே எடம் இருக்கு. அங்க மண்ணு காஞ்ச மண்ணும்மா.”

அம்மா ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, மஞ்சு மட்டும்தான் இருந்தது.

“எத்தன வருசமாச்சு இங்க வந்து. இவன் இங்க, இவன் பொண்டாட்டி இங்க. வெள்ளிக்கெழம கேக்கறதுக்கு அங்க யாரு இருக்கா எனக்கு?” போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். “இங்க மண்ணு எப்பவும் நனஞ்சுதான் கெடக்கும். காஞ்ச துணியோட போய் நான் என்னத்தப் பண்ண.”

அக்கா அழுதாள். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அம்மா இங்கே விருந்துக்கு வந்திருக்கிறார், முடிவில் ஊருக்குத்தான் கொண்டுபோவோம் என்றுதான் இத்தனை காலமும் நானே நினைத்திருந்தேன். அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

ரியாஸ், இதை மலரில் போட்டாலும் போடாவிட்டாலும் சரி. அம்மாவின் பெயர் இன்னும் நம் ஊர்ப் பள்ளிவாசல் மஹல்லுப் பதிவில்தான் இருக்கிறது. இங்குள்ள பள்ளிவாசலில் அடக்க இடம் கிடைக்க வேண்டுமென்றால் அங்கிருந்து பெயரை நீக்கிக் கடிதம் தர வேண்டும் என்கிறார்கள். நான் போனில் கேட்டபோது, உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை எதற்கு வெட்ட வேண்டும், என்ன அவசரம் என்று செயலாளர் என்னைத் திட்டினார். எனக்குப் பேச வரவில்லை. நீ நேரில் போய் அவரிடம் சொல்லு. அம்மா இனி ஆனைக்கரைக்காரர் என்று சொல்லு.

கர்க்கடகம் இருபத்தொன்று, வியாழக்கிழமை.